மொத்தர்பா

ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்று ஒரு அகராதி இருக்கிறது. ஹென்றி யூல், ஏ. ஸி. பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்தது. இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலேயன் வாயில் ஏறி உருமாறிப்போன சொற்களின் கிடங்கு அது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் அச்சில் வருவதற்கு நான்கு வருஷம் முன்பே இறந்துபோனார். நம்மவர்கள் இந்த அகராதியைப் புரட்டுவது பெரும்பாலும் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்தில் குடியேறியிருப்பதைப் பார்த்துப் பூரிப்பதற்காக. இந்தப் பூரிப்பில் எனக்குப் பங்கில்லை. ஒரு மொழி இன்னொன்றிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதைவிட, எதற்காக எடுத்துக்கொண்டது என்பதுதான் விஷயம். தின்பதற்கும் ஏறிப் போவதற்கும் சில சொற்களை எடுத்தார்கள். வசூல் பண்ணுவதற்கு எடுத்த சொற்கள் அவற்றைவிட அதிகம். அவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை.

நான் தேடிப் போனது மஸ்லின். எங்கள் ஊர் ஆரணி. இன்று ஆரணி என்றால் பட்டு, அதற்கடுத்து அரிசி. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் துணியைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் ஆரணி என்ற பெயரை மஸ்லினோடு சேர்த்துத்தான் எழுதினார்கள். டாக்காவுக்கு அடுத்த இடத்தில் வைக்காவிட்டாலும், சென்னை ராஜதானியில் மெல்லிய பருத்தித் துணி என்றால் ஆரணியைச் சொல்லாமல் விடுவதில்லை. கமண்டல நாகநதிக்கரையில் உட்கார்ந்து அவ்வளவு மெல்லிய நூலை நெய்தவர்கள் யார், அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று பார்க்கலாம் என்றுதான் அந்தப் பழைய புத்தகங்களுக்குள் போனேன். நெய்தவர்களைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு சொல்.

ஆங்கிலத்தில் அதை நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். மொடுர்பா, மோட்டார்பா, மொஹ்துர்ஃபா, முஹ்தரஃபா. தமிழில் மொத்தர்பா என்று வைத்துக்கொள்கிறேன். முதல் தடவை வாய்விட்டுப் படித்தபோது அப்படித்தான் வந்தது. உடனே ‘மொத்தம்’ என்ற சொல்லோடு சம்பந்தம் இருக்குமோ என்று பட்டது. ஒட்டுமொத்தமாக வாங்கும் வரியாக இருக்கலாம் என்று. காதை நம்பி வேர்ச்சொல் கண்டுபிடிக்கும் வியாதி நம் எல்லோருக்குமே கொஞ்சம் உண்டு. மொத்தத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இது அரபுச் சொல். பாரசீகத்தின் வழியாக, முகலாய வருவாய்க் கணக்கின் வழியாக, நவாபின் கச்சேரிக்கு வந்து, அங்கிருந்து கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஹோரஸ் ஹேமன் வில்சன் என்ற சமஸ்கிருத அறிஞர் 1855இல் வருவாய்-நீதித்துறைச் சொற்களுக்கு ஒரு பெரிய அகராதி போட்டார். அவர் காட்டும் வழியில் போனால் ‘ஹிர்ஃபத்’ வருகிறது. அதற்குக் கைத்தொழில் என்று பொருள். கைத்தொழில் செய்பவன் ‘முஹ்தரிஃப்’. அந்தக் கூட்டத்தைச் சொன்னால் ‘முஹ்தரிஃபா’. சரியான வேர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாப்ஸன்-ஜாப்ஸனும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் போகிற போக்கில், சி. பி. பிரவுன் வேறு மாதிரி சொல்கிறார் என்று ஒரு குறிப்பும் வைக்கிறது. பிரவுன் என்றால் தெலுங்கு அகராதிக்காரர்; ஆந்திரத்தில் அவருக்குச் சிலை உண்டு. அவர் கணக்கில் அந்தச் சொல் ‘முஅதரிஃபா’. இரண்டுக்கும் வித்தியாசம் தொண்டையில் பிறக்கும் ஒரே ஒரு எழுத்து. அந்த இரண்டு எழுத்துகளும் தமிழனுக்கும் கிடையாது, தெலுங்கனுக்கும் கிடையாது, ஆங்கிலேயனுக்கும் கிடையாது. ஆகவே மூன்று பேரும் சேர்ந்து உச்சரித்து முடித்தபோது எது எது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது.

பிரவுன் சொல்லும் அந்தச் சொல்லுக்கு அரபியில் ‘ஒப்புக்கொள்பவன்’ என்று அர்த்தம். தன்னிடம் இருப்பதை, தான் செய்ததை, வாய்விட்டு ஒப்புக்கொள்பவன்.

பிரவுன் தவறாகச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் என்னால் அதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. காரணம் எங்கள் தெருவில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வரி நமக்குப் புதிதல்ல. தறிக்கு வரி போட்டது கம்பெனிதான் என்று சொன்னால் கல்வெட்டு சிரிக்கும். பல்லவர், சோழர் காலத்துச் சாசனங்களில் வரிகளின் பட்டியல் மூச்சுமுட்டும்படி நீள்கிறது. தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம், குசக்காணம், வண்ணாரப்பாறை, அங்காடிப்பாட்டம். அரசனும் கோயிலும் ஊர்ச்சபையும் ஏழை என்று யாரையும் விட்டுவைத்ததாகத் தெரியவில்லை. பொற்காலம் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் சொற்களின் கட்டுமானத்தைப் பாருங்கள். தறி என்று ஒரு பாதி, இறை என்று மறுபாதி. குசவன் ஒரு பாதி, காணம் மறுபாதி. எதன்மேல் விழுகிறது, விழுவது என்ன என்பது இரண்டும் சொல்லுக்குள்ளேயே தனித்தனியாகத் தெரிகின்றன. தறி வேறு, இறை வேறு. இறையை நீக்கினால் தறி மிஞ்சும். (வண்ணாரப்பாறை மட்டும் துணி துவைக்கும் கல்லோடு நின்றுவிடுகிறது. விதிவிலக்கு இல்லாமல் மொழியில் எதுவும் கிடையாது.)

மொத்தர்பாவில் அந்த இரண்டாவது பாதி இல்லை. கைத்தொழிலாளர் என்பதுதான் சொல். வரி என்பது அதற்குள் எங்கேயும் இல்லை. கைத்தொழிலாளர்மீதான வரி என்று ஒரு காலத்தில் முழுசாகச் சொல்லியிருப்பார்கள். நாளாக நாளாக வால் உதிர்ந்து, ஆளின் பெயரே வரிக்குப் பெயராக நின்றுவிட்டது. சென்னை ராஜதானியின் ஆங்கிலக் கணக்குகளில் மொத்தர்பா என்று எழுதி எதிரே ரூபாய், அணா, பைசா போடுகிறார்கள். எழுதிய கலெக்டருக்கு அது மனிதர்களைக் குறிக்கும் சொல் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. நிலத்துக்கு ஒரு தலைப்பு, உப்புக்கு ஒரு தலைப்பு, சாராயத்துக்கு ஒரு தலைப்பு, அந்த வரிசையில் இதுவும் ஒன்று. நெசவாளன், தட்டான், கொல்லன், வாணியன் எல்லோரும் ஒரு பத்தியின் தலைப்பாகிவிட்டார்கள்.

நடைமுறையில் அது என்ன? உழுகிறவன் நிலத்துக்குக் கட்டுகிறான். உழாதவன் எதற்குக் கட்டுவது? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் மொத்தர்பா. தறிக்கு இவ்வளவு, செக்குக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, சில இடங்களில் வீட்டுக்கு, சில இடங்களில் ஆட்டுக்கு. ராஜதானி முழுக்க ஒரே விகிதம் கிடையாது. நவாபும் பாளையக்காரனும் எங்கெங்கே எப்படி வாங்கினார்களோ, பெரும்பாலும் அப்படியே கம்பெனி எடுத்துக்கொண்டது. பழைய வழக்கம் என்பது வாங்குகிறவனுக்கு வசதியான தத்துவம். லாபத்தைப் பார்த்து வாங்கவில்லை; கருவியைப் பார்த்து வாங்கினார்கள். தறி ஓடினாலும் வரி, பாவு இல்லாமல் நின்றாலும் நெசவாளன் தன் தறி நின்றுவிட்டதை நிரூபிக்க வேண்டும்.

இதோடு சுங்கம் வேறு. சார்ல்ஸ் டிரவெல்யன் என்ற அதிகாரி 1834இல் வங்கத்து உள்நாட்டுச் சுங்கத்தைப் பற்றி எழுதிய அறிக்கை பெயர்பெற்றது. பஞ்சுக்கு ஒரு தீர்வை, நூலுக்கு ஒரு தீர்வை, துணிக்கு ஒன்று, சாயம் ஏற்றினால் இன்னொன்று. எல்லாவற்றையும் கூட்டினால் நம் துணிமேல் 17½ சதம் ஏறி நிற்கிறது. இங்கிலாந்துத் துணி 2½ சதம் கட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த அறிக்கைக்குப் பின் வங்கத்தில் 1836இல் உள்நாட்டுச் சுங்கம் போயிற்று. சென்னைக்கு அந்த நியாயம் வந்து சேர 1844 ஆயிற்று. மொத்தர்பாவின் கதை இன்னும் மோசம். பம்பாய் ராஜதானியில் 1844ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றே அதை ஒழித்துவிட்டது. சென்னையில் ஒழிக்கவில்லை. அதற்கப்புறமும் ஏறக்குறைய 17 வருஷம் அது இங்கே இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே லண்டன் டைரக்டர்கள். புனாவில் தொழில் செய்கிறவன்மேல் இல்லாத வரி ஆற்காட்டில் தொழில் செய்கிறவன்மேல் இருந்தது.

இதை எதிர்த்து முதலில் உரக்கப் பேசியது சென்னைச் சுதேசிகள் சங்கம். காஜுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் தொடங்கியது. ஏற்கனவே ‘கிரெஸண்ட்’ என்ற பத்திரிகையை நடத்தி அதிகாரிகளின் பகையைச் சம்பாதித்தவர் அவர். அந்த வருஷமே பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கு ஒரு நீண்ட மனு தயாராயிற்று. நிலவரி, சித்திரவதை, கல்வி என்று பல விஷயங்கள் அதில் உண்டு, மொத்தர்பாவும் உண்டு. தச்சன், கொல்லன், நெசவாளன், கூடையில் வைத்து விற்கிறவள் வரை யாரையும் விடாமல், மிக அற்பமான கருவிக்குக்கூட வரி வாங்குகிறார்கள் என்று சொல்கிறது. நல்ல மனு, கோபத்தை அடக்கி எழுதப்பட்டது. ஆனால் எழுதியவர்கள் வியாபாரிகள், எழுதியது ஆங்கிலத்தில். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தவனின் வாய் அதில் கேட்கவில்லை.

நானூறு வருஷத்துக்கு முந்திய ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1429இல் காவிரிப் பகுதியிலும் தென்னாற்காட்டுப் பக்கத்திலும் வலங்கை, இடங்கைச் சாதியார் ஒன்றாகக் கூடி, இன்ன வரிதான் கொடுப்போம், இதற்குமேல் கேட்டால் கொடுக்கமாட்டோம் என்று கோயில் சுவர்களில் வெட்டிவைத்தார்கள். கொருக்கை, திருவைகாவூர் ஆகிய ஊர்களில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நாம் ஒன்றாக இல்லாததால்தான் இப்படி நடந்தது என்று அவர்களே தங்களைக் குறைசொல்லிக்கொள்கிறார்கள். கட்டுகிறவன் தன்மை ஒருமையிலோ பன்மையிலோ பேசுவது நம் வரிச் சரித்திரத்தில் அபூர்வம். அந்தக் குரல் நிலைத்தது என்று சொல்லமாட்டேன். கேட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

மொத்தர்பா செத்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1857க்குப் பின் கஜானா காலி. லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகையை ஆரம்பித்தவர் (அகராதி வில்சன் வேறு). அவர் 1860இல் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். அப்போது சென்னைக்குக் கவர்னர், 1834இல் சுங்கத்தைத் தோலுரித்த அதே டிரவெல்யன். அவர் இந்தப் புதுவரியை எதிர்த்தார். எதிர்த்ததோடு நில்லாமல் தம் குறிப்பைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். உடனே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வில்சன் அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் இறந்துபோனார். ஆனால் வரி நின்றது. வருமானத்துக்கு வரி வந்தபின் கருவிக்கு ஏன் தனியாக என்று 1860-61ஐ ஒட்டி மொத்தர்பாவை எடுத்துவிட்டார்கள். வருஷத்துக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு அந்த வருமான வரி கிடையாது. கூலிக்கு நெய்கிறவன் அந்த எல்லையைத் தொட்டிருக்கமாட்டான். அதாவது டிரவெல்யன் எதிர்த்த வரியால்தான், டிரவெல்யன் எந்த ஜாதி மனிதர்களுக்காக ஒரு காலத்தில் எழுதினாரோ அவர்களுக்குத் தறிவரி நீங்கியது. சரித்திரத்தில் நல்லவன் கெட்டவன் என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இவரை எந்தப் பெட்டியில் போடுவார்களோ.

வரியோடு சொல்லும் போயிற்று. எவ்வளவு தூரம் போயிற்று என்றால், எங்கள் ஊர் நெசவாளர் தெருக்களில் வயசானவர்கள் பத்துப் பேரிடமாவது கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் மருந்துப் பெயரா என்று கேட்டார். ஆனால் ஜாகீர் என்று சொல்லுங்கள், எல்லோருக்கும் தெரியும். சிவாஜியின் தகப்பனார் ஷாஜி பீஜப்பூர்ப் படையோடு தெற்கே வந்த 17ஆம் நூற்றாண்டில், கூட வந்த மராட்டிய பிராமணக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஆரணி ஜாகீர். 1751 டிசம்பரில் கிளைவ் இங்கே சண்டை போட்டான். 1782இல் கூட்டும் ஹைதர் அலியும் மோதினார்கள். நவாப் போனான், கம்பெனி வந்தது, கம்பெனியும் போயிற்று. ஜாகீர்தார் குடும்பம் இருந்தது. 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரைக்கும் இருந்தது. சத்தியவிஜயநகரத்து அரண்மனை இன்னும் நிற்கிறது, பூசிமலைக்குப்பத்து மாளிகையும் நிற்கிறது, சினிமாக்காரர்கள் வருகிறார்கள். கொடுத்தவன் பெயர், கட்டியவன் பெயர், யானை கட்டிய இடம் எல்லாம் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. ஜாகீர் எல்லையைத் தாண்டினால் நாலாபக்கமும் வட ஆற்காட்டுக் கம்பெனி ஜில்லா. அங்கே 60 வருஷம் சொந்தபந்தத்தின் தறிகள்மேல் உட்கார்ந்திருந்த சொல் ஞாபகம் இல்லை. அரண்மனை கல்லால் ஆனது என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. ஒரு வரி எடுபட்டால், அது இருந்ததைப் பேரனுக்குச் சொல்லிவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது எங்கள் தெரு. என் சின்ன வயசில் தெரு முழுக்கத் தறி. விடிந்தால் சத்தம் ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு வீட்டுத் தறிக்கும் தனிச் சத்தம்; எது யாருடையது என்று படுத்துக்கொண்டே சொல்லலாம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு வெளியூர் ஆள் யாராவது தெருமுனையில் தெரிந்தால் போதும், எங்கள் ஆயா திண்ணையிலிருந்து குரல் கொடுப்பாள்: ‘நிறுத்துங்கடா.’ தாத்தா நிறுத்துவார். பக்கத்து வீட்டில் நிற்கும். நாலு நிமிஷத்தில் தெரு ஓய்ந்துவிடும். வந்தவர் எதற்கு வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. வரிக்கு வந்திருக்கலாம், சுகாதாரத்துக்கு வந்திருக்கலாம், வாக்காளர் பட்டியலுக்கு வந்திருக்கலாம். எத்தனை தறி என்று கேட்டால் ஆயா ஒன்று என்பாள். எங்கள் வீட்டில் மூன்று இருந்தன. நூலுக்குக் கட்டுப்பாடு இருந்த யுத்த காலத்தில் அவளே ஐந்து என்று சொல்லி எழுதிக்கொடுத்தாளாம். அதைப் பெருமையாகச் சொல்வாள். ஏன் பொய் சொல்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். ‘சத்தம் கேட்டா இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி’ என்றாள்.

பிரவுனின் வேர்ச்சொல்லை நான் விடமுடியாமல் வைத்திருப்பது இதனால்தான்.

இதில் அறிஞர்களுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. கம்பெனி ஆட்சியில் கைத்தறி அழிந்ததா, தேய்ந்ததா, தாக்குப்பிடித்ததா என்று பொருளாதார வரலாற்றுக்காரர்கள் பல காலமாகச் சண்டை போடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை ராஜதானியில் எத்தனை தறி இருந்தது என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் முக்கிய ஆதாரங்களில் ஒன்று மொத்தர்பாக் கணக்கு. வரி வாங்குவதற்காக எண்ணிய தறிகள். வரி போனபின் எடுத்த கணக்குகளில் தறி அதிகமாகத் தெரிந்தால், தறி பெருகியதா, அல்லது ஆயாக்கள் நிஜம் சொல்ல ஆரம்பித்தார்களா? நெசவாளன் விட்டுச்சென்ற சரித்திரம் என்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி அவன் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்தது எண்ணில் ஏறவே இல்லை. அந்த மஸ்லினை நெய்த கைக்குப் பெயர் கேட்டு நான் போனேன். எண்ணைத்தான் காட்டினார்கள், அந்த எண்ணும் நம்பத்தகுந்ததல்ல.

மொத்தர்பா போனதும் தொழிலுக்கு வரி போய்விட்டதாக நினைக்க வேண்டாம். லைசென்ஸ் வரி என்று வந்தது, தொழில் வரி என்று வந்தது. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு தொழில் வரிக்கு இடம் கொடுக்கிறது. வருஷத்துக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தபோது பட்டு நூலுக்கு 5 சதம், பட்டுத் துணிக்கு 5 சதம் என்று ஆயிற்று. பஞ்சுக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று என்ற டிரவெல்யனின் கணக்கை அப்போது எடுத்துப் படித்தேன். இரண்டும் ஒன்றல்ல, இப்போது முந்திய கட்டத்தில் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கழித்துக்கொள்வது கணக்கு எழுதத் தெரிந்த முதலாளிக்கு. கூலிக்கு நெய்கிறவன் கழிப்பதற்கு என்ன இருக்கிறது?

2019-20இல் எடுத்த நாலாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுக்க 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் என்றது. பத்து வருஷம் முந்திய கணக்கில் 43.31 லட்சம். எங்கள் தெருவுக்கும் ஆள் வந்தார். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் நானும் இருந்தேன். இந்தக் காலத்தில் கணக்கில் ஏறினால்தான் அடையாள அட்டை, அட்டை இருந்தால்தான் காப்பீடும் கடனும், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. எத்தனை தறி என்று அந்தப் பையன் மரியாதையாகக் கேட்டான். சித்தப்பா மூன்று என்றார். உள்ளே இருந்தது ஒன்று. மற்ற இரண்டு குழிகளையும் மூடி மேலே சிமெண்ட் பூசி ஆறு வருஷம் ஆகிறது. ஒன்றின்மேல் பேத்தியின் படிப்பு மேஜை இருக்கிறது. பையன் உள்ளே எட்டிப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான், ஒன்று என்று எழுதிக்கொண்டான். அந்த ஒரு தறியும் அன்றைக்குப் பாவு தீர்ந்து சும்மா நின்றது.